அந்த மறுப்பறிக்கையை ஒழுங்காகப் படித்திருந்தால்

அந்தச் செய்தி என் கைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. அதற்குப் பிறகு பணத்தை வெளியே எடுக்க எனக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. பத்தொன்பது நாளும் நான் ஒன்றும் செய்யவில்லை, ஏனென்றால் “இது போலிச் செய்தி” என்று நான்கு விநாடியில் முடிவு கட்டியிருந்தேன். இதை எழுத உட்கார இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. கூச்சம்தான் காரணம். பணத்தைப் பறிகொடுத்தவர்கள் கதைகள் நிறையப் படித்திருப்பீர்கள், அதில் பெரும்பாலும் யாராவது ஒருவர் பொய் சொல்லி ஏமாற்றியிருப்பார். என் கதையில் கொஞ்சம் திருகல் உண்டு. எனக்கு உண்மையைத்தான் சொன்னார்கள், அதுவும் முன்கூட்டியே, அச்சில். நான்தான் நம்பவில்லை.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு நிதி நிறுவனத்தில் நானும் என் கணவரும் ஏழு வருடமாகச் சேர்த்ததைப் போட்டு வைத்திருந்தோம். தொகை எதற்கு, என்னுடைய பதினான்கு மாதச் சம்பளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டி மாதாமாதம் நாள் தவறாமல் வந்துகொண்டிருந்தது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும், சொல்லும்போதே முகம் சூடாகிறது. என் வேலையே கணக்கு சரிபார்ப்பது. ஒரு பில்லில் தேதி ஒரு நாள் தள்ளியிருந்தாலும் என் கண்ணில் உறுத்தும். ரசீது இல்லாமல் ஒரு செலவையும் தாண்ட விடமாட்டேன் என்று அலுவலகத்தில் என்னைப் பார்த்துச் சலித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவள் ஒரு செய்தியைப் படிக்காமலே தூக்கிப் போட்டேன்.

காரணம், அதைப் போட்ட பத்திரிகை எனக்கு ஆகாது. சில வருடங்களுக்கு முன் ஒரு தேர்தல் சமயத்தில் எனக்குப் பிடித்த தலைவரை அது தினமும் வறுத்தெடுத்தது. அவர் வாயைத் திறந்து அசட்டுத்தனமாக நிற்கும் படமாகத் தேடிப் பிடித்துப் போடுவார்கள், எதிர்த்தரப்புத் தலைவர் மட்டும் எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பார். இவர் கூட்டத்துக்கு வந்த கும்பலைப் பற்றி மூன்று வரி, அவர் கூட்டத்துக்கு அரைப் பக்கம். நான் பார்த்தது தப்பில்லை, அந்தப் பத்திரிகை ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து அது எதை எழுதினாலும் குடும்பக் குழுவில் முதல் ஆளாக “அதுவா, போலிச் செய்திப் பேப்பர்” என்று போடுவது என் வழக்கமாகிவிட்டது. அந்தச் சொல்லில் ஒரு வசதி இருந்தது. சொல்லிவிட்டால் படிக்க வேண்டியதில்லை.

செய்தி வருவதற்கு மூன்று வாரம் முன்னால் ஒரு பெண் போனில் அழைத்தார். செய்தியாளர் என்றார். என்னைப் போலவே அங்கே பணம் போட்ட ஒருவர் மூலம் என் எண் கிடைத்ததாகச் சொல்லிவிட்டு, “மேடம், உங்களுக்கு முதிர்வுத் தொகை வருவதில் ஏதாவது தாமதம் இருக்கிறதா?” என்று கேட்டார். எந்தப் பத்திரிகை என்று கேட்டேன். பெயரைச் சொன்னார். “உங்களுக்கெல்லாம் இதே வேலையா?” என்று சொல்லி வைத்துவிட்டேன். இதில் கொடுமை என்ன தெரியுமா? எங்கள் சிறிய வைப்பு ஒன்று அப்போதுதான் முதிர்ந்திருந்தது. தொகை பன்னிரண்டு நாள் தாமதமாக வந்தது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் என் வங்கிக் கணக்கிலேயே இருந்தது. நடுவில் விடுமுறை வந்ததால் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பெரியப்பா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். “பாப்பா, நீ பணம் போட்ட கம்பெனிதானே இது?” கொட்டை எழுத்தில் ஒரு தலைப்பு, கடைசியில் ஒரு கேள்விக்குறி, ஓரத்தில் அந்தப் பத்திரிகையின் பெயர். பெயரைப் பார்த்ததுமே விரல் தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டது. “அண்ணா, அந்தப் பேப்பரைப் போய் நம்புறீங்களா?” அவர் விடவில்லை. “யார் போட்டா என்ன, ஒரு தடவை விசாரிச்சுப் பாரேன்” என்றார். நான் ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டு முடித்துவிட்டேன். அன்று சாயங்காலமே நிறுவனத்திடமிருந்து மறுப்பறிக்கை வந்தது. “போலிச் செய்தியை நம்ப வேண்டாம்” என்று சிவப்பு முத்திரை மாதிரி மேலே போட்டிருந்தார்கள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது. நான் சொன்னதையே அவர்களும் சொல்லிவிட்டார்களே! உடனே அதை மூன்று பேருக்கு அனுப்பினேன். அலுவலகத்தில் இரண்டு பேர், அப்புறம் என் அத்தை. அத்தை ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் பாதியை என் பேச்சைக் கேட்டுத்தான் அங்கே போட்டிருந்தார். காலையில் பயந்துபோய் அழைத்தவர், அறிக்கையைப் பார்த்துவிட்டு, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்மா” என்றார்.

இருபதாம் நாள் இணையதளத்தில் பணம் எடுக்கும் பொத்தானை அழுத்தினால் “உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது” என்று வந்தது. மறுநாளும் அதே வரி. வாடிக்கையாளர் எண்ணை அழைத்தால் பாட்டு ஓடியது. ஒரு வாரம் கழித்து அந்தப் பாட்டும் நின்றுவிட்டது. பத்தொன்பதாம் நாள் வரை கேட்டவர்களுக்கெல்லாம் கொஞ்சம் வட்டியைப் பிடித்துக்கொண்டு அசலை முழுதாகக் கொடுத்திருக்கிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிய அண்ணனுக்கு அங்கே பைசா கிடையாது, ஆனால் அவர் நண்பர் ஒருவர் மூன்றாம் நாளே போய் எடுத்துவிட்டாராம்.

அதன் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதைதான், சுருக்கமாகச் சொல்கிறேன். புகார் மனு, உறுதிமொழிப் பத்திரம், பத்திரத்தில் எழுத்துப்பிழை, மறுபடி பத்திரம். இரண்டு வருடத்தில் நாற்பத்தோரு நாள் விடுப்பு எடுத்திருக்கிறேன். இதுவரை கைக்கு வந்தது நூற்றுக்குப் பதினெட்டு. அலுவலகத்தில் அந்த இரண்டு பேரில் ஒருவர் என்னோடு பேசுவதில்லை. அத்தை பேசுகிறார், அதுதான் தாங்க முடியவில்லை. பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தூக்கம் வந்திருக்கும்.

தூக்கம் வராத ஒரு ராத்திரியில்தான் அந்த மறுப்பறிக்கையை மறுபடி எடுத்தேன். இந்த முறை, அலுவலகத்தில் ஒரு பில்லைப் பார்ப்பதுபோல, பென்சிலை வைத்துக்கொண்டு வரி வரியாக. மொத்தம் பதினொரு வாக்கியங்கள். முதல் வாக்கியம், எங்கள் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் தீய நோக்கம் என்றது. இரண்டாவது அந்தப் பத்திரிகையின் பழைய அரசியலைப் பற்றி. மூன்றாவதும் நான்காவதும் நிறுவனம் எத்தனை வருடமாக நடக்கிறது, எத்தனை லட்சம் குடும்பங்கள் நம்பியிருக்கின்றன என்று. ஐந்தாவது சட்ட நடவடிக்கை. ஆறிலிருந்து பத்து வரை நன்றி, நம்பிக்கை, குடும்பம், வளர்ச்சி, எதிர்காலம். பதினொன்றாவது, போலிச் செய்திகளைப் பகிர வேண்டாம். “பணம் கொடுப்பதில் தாமதம் இல்லை” என்று ஒரு வாக்கியம்கூட இல்லை. கொடுத்த பணத்தைப் பற்றி ஒரு எண் இல்லை, ஒரு தேதி இல்லை. நான் அனுப்பிய மூன்று பேரில் யாராவது “இதில் எந்த வரியை மறுத்திருக்கிறார்கள்?” என்று கேட்டிருந்தால் என்னால் பதில் சொல்லியிருக்க முடியாது. இப்போது எந்த மறுப்பு வந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். செய்தி என்ன சொன்னது, மறுப்பு அதில் எதை மறுக்கிறது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். சொன்னவன் யார், அவன் நோக்கம் என்ன என்பதைப் பற்றியே பேசி, சொன்ன விஷயத்தைத் தொடாமல் போனால், அந்த விஷயம் பெரும்பாலும் நிஜம்தான் என்று வைத்துக்கொண்டு நடப்பேன். தவறான செய்திக்கு நேரான மறுப்பு மிகச் சுலபம். “இந்தத் தேதியில் இவ்வளவு பேருக்கு இவ்வளவு கொடுத்தோம், இதோ கணக்கு.” ஒரே வரி போதும்.

அப்புறம் அந்தச் செய்தியையே முதல்முறையாக முழுதாகப் படித்தேன். ஆமாம், முதல்முறையாக. அதுவரை தலைப்பின் ஸ்கிரீன்ஷாட் தவிர எதையும் பார்த்ததில்லை. தலைப்பு மோசம்தான், முதலாளி ஓடிவிட்டார் என்கிற தொனியில் ஒரு கேள்விக்குறியோடு. அவர் ஓடவெல்லாம் இல்லை. ஆனால் உள்ளே போனால் வேறு மாதிரி இருந்தது. பணம் வராத மூன்று பேர் பெயரோடு பேசியிருந்தார்கள். தணிக்கையாளர் வருடத்தின் நடுவில் விலகியதைக் கண்காணிப்பு ஆணையத்தில் தாக்கலான ஆவணத்திலிருந்து எடுத்துத் தேதியோடு போட்டிருந்தார்கள். ஒரு வழக்கு எண் இருந்தது. நிறுவனத்துக்கு ஏழு கேள்விகள் அனுப்பினோம், பதில் வரவில்லை என்றும் இருந்தது. தணிக்கையாளர் நடுவில் விலகுவது என்றால் என்ன என்று மற்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியும், கணக்கில் ஏதோ சரியில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அந்த ஒரு வரி போதும், நான் எழுந்து ஓடியிருப்பேன். தலைப்பை வைத்துச் செய்தியை எடை போடாதீர்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்குப் பிறகுதான் தெரிந்தது, பத்திரிகைகளில் பெரும்பாலும் செய்தியை எழுதுபவர் ஒருவர், தலைப்பு வைப்பவர் வேறொருவர். தலைப்பில் சார்பு கொதிக்கும்போதே உள்ளே ஆவணம் பத்திரமாக உட்கார்ந்திருக்கலாம். வழக்கு எண், தேதி, பெயரோடு பேசும் ஆள், மூல ஆவணம், எதிர்த்தரப்பிடம் கேட்டார்களா என்கிற ஒரு வரி, இந்த ஐந்தையும் தேட இரண்டு நிமிடம் ஆகும்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. நான் விரும்பிப் படித்த பத்திரிகையின் அந்தப் பத்தொன்பது நாள் இதழ்களையும் எடுத்துப் பார்த்தேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அந்த நிறுவனத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆனால் நிறுவனத்தின் விளம்பரம் ஆறு நாள் முழுப்பக்கத்தில் வந்திருக்கிறது. எனக்கு அதிகம் நஷ்டம் வைத்தது எந்தப் பத்திரிகையின் சார்பு என்று யோசித்துப் பாருங்கள். வெறுத்த பத்திரிகையின் சார்பு படத்திலும் தலைப்பிலும் கத்தியது, அதனால் கண்ணில் பட்டது. பிடித்த பத்திரிகையின் சார்பு மௌனமாக இருந்தது. வராத செய்தியை யாரும் போலி என்று சொல்ல முடியாதே! இப்போது ஏதாவது முக்கியமாகப் பட்டால், எனக்குப் பிடித்த பத்திரிகையில் அதைப் பற்றி என்ன வந்திருக்கிறது என்று தேடுவேன். ஒன்றும் வரவில்லை என்றால் அதையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்வேன். விளம்பரம் யாருடையது என்றும் பார்ப்பேன்.

இந்த “போலிச் செய்தி” என்ற சொல் எப்படி என் வாயில் வந்து ஒட்டிக்கொண்டது என்று தெரிந்துகொள்ள நிறையப் படித்தேன். ஃபேக் நியூஸ் என்பது நாம் நினைப்பதுபோல நேற்றைய சொல் கிடையாது. அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் இதழ் 1925-லேயே அதைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை வெளியிட்டிருக்கிறது. 2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் அதற்குத் தெளிவான ஒரு பொருள் இருந்தது. அடியோடு கற்பனையான கதையைச் செய்தி வேஷத்தில் பரப்புவது. மாசிடோனியாவில் வெலஸ் என்ற சிறிய ஊரில் இளைஞர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை நடத்தி, அமெரிக்க அரசியல் கட்டுக்கதைகளால் விளம்பரக் காசு பார்த்தார்கள். போப் ஆண்டவர் டிரம்பை ஆதரிக்கிறார் என்ற புளுகு பரவியதும் அந்த வருடம்தான். அதெல்லாம் உண்மையிலேயே போலிச் செய்தி. 2017 ஜனவரி 11 அன்று, பதவியேற்பதற்கு முன் நடந்த செய்தியாளர் சந்திப்பில், கேள்வி கேட்க முயன்ற சிஎன்என் செய்தியாளரைப் பார்த்து டிரம்ப் “நீங்கள் ஃபேக் நியூஸ்” என்றார். கவனியுங்கள், “இந்தச் செய்தி பொய்” என்று சொல்லவில்லை, “நீங்கள்” என்றார். ஒரு கதைக்கு வைத்த பெயர் ஒரு ஆளுக்கு, ஒரு நிறுவனத்துக்கு வைக்கும் பெயராகிவிட்டது. அந்த வருடத்தின் சொல் என்று காலின்ஸ் அகராதி அதைத் தேர்ந்தெடுத்தது. நான் ஒரு பேப்பரின் பெயரைப் பார்த்ததும் தட்டச்சு செய்ததும் அதே இலக்கணம்தான்.

இதைக் கவலையோடு பார்த்தவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள். ஐரோப்பிய கவுன்சிலுக்காக கிளேர் வார்டில், ஹொசைன் தெரக்‌ஷான் இருவரும் 2017-ல் எழுதிய அறிக்கை, இந்தச் சொல்லை ஒதுக்கிவிட்டு மூன்றாகப் பிரிக்கிறது. தப்பு என்று தெரியாமல் பரப்புவது ஒன்று, பொய் என்று தெரிந்தே கெடுதல் செய்யப் பரப்புவது இன்னொன்று, உண்மையான தகவலையே ஒருவரைக் கெடுக்கும் நோக்கில் வெளியிடுவது மூன்றாவது. படித்ததும் என்னை எங்கே வைப்பது என்று பார்த்தேன். நிறுவனம் அறிக்கை விட்டது இரண்டாவது வகை, அத்தைக்கு நான் அதை அனுப்பியது முதல் வகை. பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்றும் 2018-ல் அரசு இந்தச் சொல்லைப் பயன்படுத்துவதையே விட்டுவிட வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளாளுக்கு ஒரு பொருளில், பிடிக்காத எதன் மேலும் ஒட்டப் பயன்படுகிறது என்பதுதான் குறை. அப்புறம் ராபர்ட் செஸ்னி, டேனியல் சிட்ரான் என்ற இரண்டு சட்டப் பேராசிரியர்கள் 2019-ல் வெளியான கட்டுரையில், பொய்யருக்குக் கிடைக்கும் டிவிடெண்ட் (லாபப் பங்கு) என்று ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். போலி நிறைய உலவுகிறது என்று ஜனங்களுக்குத் தெரியத் தெரிய, நிஜமான ஆதாரத்தையும் “போலி” என்று சொல்லித் தப்பிப்பது குற்றம் செய்தவருக்குச் சுலபமாகிவிடுகிறது என்பது சாரம். டிவிடெண்ட் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் நிறுவனம் எனக்குக் கொடுக்காததை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது.

எனக்கு ஆறுதல் தந்தது வயர்கார்ட் கதை. ஆறுதல் என்று சொல்லக் கூடாதுதான், ஆனால் என்னைவிடப் பெரிய கணக்குப்பிள்ளைகள் ஏமாந்திருக்கிறார்கள். ஜெர்மனியின் பெரிய பணப் பரிமாற்ற நிறுவனம் அது. 2019 ஜனவரியில் லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் அதன் கணக்குகளில் மோசடி இருப்பதாக எழுதத் தொடங்கியது. நிறுவனம் மறுத்தது. ஜெர்மனியின் நிதிக் கண்காணிப்பு ஆணையமான பாஃபின் என்ன செய்தது தெரியுமா? பங்கு விலை இறங்கும் என்று பந்தயம் கட்டுவதை இரண்டு மாதம் தடை செய்துவிட்டு, எழுதிய செய்தியாளர்கள் மேலேயே கிரிமினல் புகார் கொடுத்தது. 2020 ஜூனில் கணக்கில் இருப்பதாகச் சொன்ன 190 கோடி யூரோ எங்கேயும் இல்லை என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு திவாலானது. அதனால் “அதிகாரிகளே இது பொய் என்கிறார்களே” என்பதையும் இப்போது நான் முடிவாக எடுத்துக்கொள்வதில்லை. பொய்ச் செய்தி என்ற குற்றச்சாட்டில் சிறை வரை போனவர்களும் உண்டு. செய்தியாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி 2016 கடைசியில் உலகம் முழுவதும் அப்படி அடைபட்டிருந்த செய்தியாளர்கள் ஒன்பது பேர், 2018 கடைசியில் 28 பேர்.

ஆனால் நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். நிறுவனம் விழுந்ததும் தலைகீழாகக் கவிழ்ந்தேன். அந்தப் பத்திரிகை எழுதுவதெல்லாம் வேதம் என்று ஆகிவிட்டது. ஐந்து மாதம் கழித்து அதே பத்திரிகை வேறொரு நிறுவனத்தைப் பற்றி “அடுத்தது இதுவா?” என்று தலைப்புப் போட்டது. எங்களுக்கு அங்கே மிச்சம் மீதி கொஞ்சம் இருந்தது. மதியத்துக்குள் ஓடிப்போய் வைப்பை உடைத்தேன், அபராதமாக ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம் போனது. சாயங்காலம் உட்கார்ந்து படித்தால், உள்ளே இருந்தது ஒரே ஒரு இயக்குநர் உடல்நிலை காரணமாக விலகினார் என்பது மட்டும்தான். ஆவணம் இல்லை, பாதிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. நான்கு நாள் கழித்து உள்பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு திருத்தம் வந்தது. அந்த நிறுவனம் இன்றைக்கும் நன்றாகத்தான் நடக்கிறது. இரண்டு தடவையும் நான் செய்த தப்பு ஒன்றுதான். இரண்டு தடவையும் படித்தது பத்திரிகையின் பெயரை.

சார்பை எடை போடும் தராசே நம் கையில் சாய்ந்திருக்கிறது என்பதற்கு ஒரு ஆய்வு இருக்கிறது. 1982-ல் லெபனானின் பெய்ரூட்டில், பாலஸ்தீன அகதிகள் இருந்த முகாம்களில் நடந்த படுகொலை பற்றி அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வந்த செய்தித் துண்டுகளை, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இஸ்ரேல் ஆதரவு மாணவர்களுக்கும் அரபு ஆதரவு மாணவர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். அதே துண்டுகள்தான். இரண்டு தரப்புமே இது எங்களுக்கு எதிராகச் சாய்ந்திருக்கிறது என்றார்கள். வலோன், ராஸ், லெப்பர் மூவரும் 1985-ல் அதை வெளியிட்டார்கள். இதைப் படித்த பிறகு, ஒரு செய்தி எனக்குக் கோபம் வரவழைத்தால் உடனே பகிர மாட்டேன். ஒரு சின்ன விளையாட்டு செய்து பார்ப்பேன். இதே செய்தி, இதே ஆதாரத்தோடு, எனக்குப் பிடிக்காத ஆளைப் பற்றி வந்திருந்தால் நம்பியிருப்பேனா? ஆமாம் என்று மனசு சொன்னால் இப்போதும் நம்பித்தான் ஆக வேண்டும். பல நாள் கசப்பாக இருக்கிறது.

இன்னொன்று, ஒரு பக்கத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அமெரிக்காவில் வைன்பர்க், மெக்ரூ என்ற இரண்டு ஆய்வாளர்கள், வரலாற்றுப் பேராசிரியர்கள், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர்கள் என மூன்று தரப்பையும் இணையதளங்களைச் சோதிக்க வைத்துப் பார்த்தார்கள். படித்தவர்கள் அந்தப் பக்கத்திலேயே மேலும் கீழும் போய் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் சட்டென்று வெளியே வந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை நான் நிறுவனத்தின் பெயரையும் “தணிக்கையாளர்” என்ற சொல்லையும் சேர்த்துத் தேடியிருந்தால் ஆணையத்தின் ஆவணம் முதல் பக்கத்திலேயே வந்திருக்கும். தேடிப் பார்த்தேன், இப்போதும் வருகிறது.

எனக்கு முன்பு போன் செய்த அந்தச் செய்தியாளரை, எல்லாம் முடிந்து எட்டு மாதம் கழித்து நானே அழைத்தேன். மன்னிப்புக் கேட்கத்தான். அவர் குரலில் ஒரு வெற்றியும் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது. நிறுவனத்தின் வக்கீல் நோட்டீசுக்குப் பதில் எழுதியே அவருக்கு மூன்று மாதம் போயிருக்கிறது. அந்தத் தலைப்பு அவருக்கும் பிடிக்கவில்லையாம். “அது எடிட்டர் மேசையில் மாற்றியது மேடம், நான் வைத்தது வேறு” என்றார். அப்புறம் தயங்கித் தயங்கி, “அன்று கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்வீர்களா?” என்று கேட்டார். சொன்னேன். பன்னிரண்டு நாள் தாமதம், தேதியோடு, வங்கிக் கணக்கின் நகலோடு. நான் சொன்னதை எழுதி முடித்ததும் எனக்கு வாசித்துக் காட்டச் சொன்னேன், காட்டினார். உங்களிடம் யாராவது பேட்டி எடுத்தால் இதைக் கேட்டுப் பாருங்கள், எல்லாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், கேட்பதில் தப்பில்லை. அரை மணி நேரம் பேசியதில் மூன்று வரி அச்சில் வந்தது. அந்த மூன்று வரியும் நான் சொன்னதுதான்.

செய்தி இணையத்தில் வந்த அன்று சாயங்காலம் கீழே யாரோ ஒருவர் எழுதியிருந்தார். “காசு வாங்கிக்கிட்டுப் பேசுது இந்தம்மா. வழக்கம்போல போலிச் செய்திப் பேப்பர்.” பழைய நான் எழுதியதுபோலவே இருந்தது, அந்த “வழக்கம்போல” உட்பட. கை நடுங்கியது. நீளமாக ஒரு பதில் அடித்தேன், அழித்தேன். மறுபடி அடித்தேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வியை மட்டும் விட்டேன்: “இதில் எந்த வரி பொய், சொல்லுங்கள்?” பதில் வரவில்லை. அத்தை பெயரில் இன்னொரு உறுதிமொழிப் பத்திரம் பாக்கியிருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதை நிரப்ப உட்கார்ந்தேன்.